பறவைப் படத்துக்கு எந்த பாடி? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: பறவைகளைப் படமெடுக்க இப்போதுதான் தொடங்குகிறேன். எந்த கேமரா பாடி நல்லது?

பதில்: முதலில் லென்ஸ். பணத்தில் பெரும்பங்கை அதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எந்த பாடி வருகிறதோ அதை வாங்குங்கள். 2016-இல் வந்த நிக்கான் டி500 நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தால் போதும், பறக்கும் கொக்கை இன்றைக்கும் அசராமல் பிடிக்கும். வாங்கிய கையோடு கூடு தேடிப் போகாதீர்கள்.

கேள்வி: கேனான் க்ராப் சென்சாரில் (படத்தைப் பதியும் சில்லு சிறியது) 500 மி.மீ. லென்ஸ் 800 ஆகிவிடுகிறதே, அப்புறம் பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃப்ரேம் எதற்கு?

பதில்: ஆகாது. 500 எந்த பாடியிலும் 500தான். சென்சார் மேல் பறவையின் பிம்பம் 5 மி.மீ. விழுகிறது என்றால் இரண்டிலும் அதே 5 மி.மீ.தான், க்ராப்பில் சுற்றியுள்ள வானம் வெட்டுப்படுகிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது பிக்சல் அளவு. கேனானின் ஃபுல் ஃப்ரேம் பாடியான ஆர்5-இல் ஒரு பிக்சல் சுமார் 4.4 மைக்ரான், க்ராப் பாடியான ஆர்7-இல் 3.2. அதனால் அந்த 5 மி.மீ. பறவைக்கு ஆர்5-இல் ஏறக்குறைய 1,140 பிக்சல், ஆர்7-இல் 1,560 கிடைக்கும். லாபம் பொடிப் பிக்சலால் வருவது. நிக்கானில் ஃபுல் ஃப்ரேம் டி850-ஐயும் க்ராப் டி500-ஐயும் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் பிக்சல் கிட்டத்தட்ட ஒரே அளவு, டி850 படத்தை வெட்டினாலே டி500 படம் வந்துவிடும்.

கேள்வி: (அதே நண்பர்) பிக்சல் பொடியானால் படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸ் கூடுமே? பெட்டியிலேயே 800-க்குச் சமம் என்று போட்டிருக்கிறான்!

பதில்: பெட்டியில் போட்டிருப்பது பார்வைக் கோணக் கணக்கு. நாய்ஸை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்றால் பறவையின் மேலிருந்து வரும் ஒளி இரண்டிலும் ஒன்றுதான், படத்தை ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: ஆர்7-இல் சிறகு வளைந்து வருகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, ரோலிங் ஷட்டர். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், நொடிக்கு 15 படம் போதும். நிக்கான் இசட்9-இல் இருக்கிற மாதிரி ஸ்டாக்டு (அடுக்குகளாக அமைந்த) சென்சார் மிக வேகமாகப் படித்துவிடும், அதனால்தான் இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை.

கேள்வி: மீன்கொத்தி பாயும் கணம் எப்போதும் தவறிவிடுகிறது.

பதில்: பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய படங்களையும் சேமிக்கும் வசதி இருக்கிற பாடியாகப் பாருங்கள். ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 பாடியில் அதன் பெயர் ப்ரோ கேப்சர். பாதி அழுத்திக் காத்திருந்து, பறவை கிளம்பியதும் முழுதாக அழுத்தினால் கிளம்பிய கணமும் உள்ளே இருக்கும். உங்கள் கை தாமதமானாலும் பரவாயில்லை.

கேள்வி: எது பெஸ்ட் பாடி?

பதில்: முதல் பதில்.

கேள்வி: கேனானா, சோனியா, நிக்கானா?

பதில்: லென்ஸ் எதில் வைத்திருக்கிறீர்களோ அது. முதல் பதிலையும் படியுங்கள்.

கேள்வி: குரல் பதிவைப் போட்டுப் பறவையை அருகே வரவழைத்தால் சாதாரண பாடியே போதுமல்லவா?

பதில்: செய்யாதீர்கள். எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும். கூட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

கேள்வி: திருமணப் படத்துக்கும் இதே பாடி ஆகுமா?

பதில்: அந்தத் தொழில் செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: (மறுபடியும் அதே நண்பர்) எப்படிச் சொன்னாலும் எனக்கு 800தான்.

பதில்: சரி, 800 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கமும் 800-க்கு ஏற்ற மாதிரிதான் தெரியும், ஷட்டர் வேகத்தை 500-க்குக் கணக்குப் போட்டு வைத்துவிடாதீர்கள்.