சக்கரம் வைத்த மேசைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாஃப்-லைஃப் 2 என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் எபிசோடைச் சென்ற வாரம்தான் விளையாடி முடித்தேன். தந்தையின் உடல்மீது விழுந்து அலிக்ஸ் அழுகிறாள், திரை இருள்கிறது, அவ்வளவுதான். அது 2007-இல் வந்தது என்று அறிந்தபோது கோபமே வந்தது. அதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்திடம் இல்லாத பணமா, திறமையா? ஒரு கதையை முடிக்க என்ன சோம்பல்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சோம்பல் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கதையை அவ்வளவு அழகாகச் சொல்ல வைத்த பழக்கமே அதைப் பாதியில் நிறுத்தியும்விட்டது.

முதல் ஹாஃப்-லைஃப் 1997 இறுதியில் வெளிவந்திருக்க வேண்டியது. ஆட்டம் சுவைக்கவில்லை என்று உருவாக்கியவர்களே உணர்ந்து, ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்கினார்கள். நிரலாளர், ஓவியர், எழுத்தாளர் எல்லோரும் கலந்த சிறு குழுக்கள் ஒவ்வொரு கட்டத்தையும் கூடிப் பேசி வடித்தன. 1998 நவம்பரில் வந்த அந்த ஆட்டத்தின் தொடக்கம் நினைவிருக்கிறதா? ஆய்வுக்கூடத்துக்குள் ஊர்ந்து செல்லும் ரயில்பெட்டியில் நிற்கிறோம். வெளியே ஒரு காவலர் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர் பாட்டுக்குத் தட்டுகிறார். நம்மை உட்காரவைத்து யாரும் கதை சொல்வதில்லை. இறங்குவதற்குள் அந்த இடம் பழகிவிடுகிறது. எழுத்தாளர் தனி அறையில் எழுதிக் கொடுத்து இப்படி வராது.

2012-இல் கசிந்த அவர்களுடைய ஊழியர் கையேட்டில் மேசைகளுக்குச் சக்கரம் உண்டு என்று படித்தேன். எந்த வேலை பயனுள்ளதாகத் தோன்றுகிறதோ அங்கே உருட்டிக்கொண்டு போகலாம். இதைச் செய் என்று பணிக்க மேலாளர் கிடையாது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் கதையின் கடைசிப் பகுதி பெரும்பாலும் கடனடைப்பு. அதற்கு யாராவது மேசையை நகர்த்தாமல் உட்கார வேண்டும். 2003-இல் வால்வ் தொடங்கிய ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் வருமானத்தைக் கொட்டியதால், அடுத்த பாகத்தை வெளியிட்டே தீர வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லாமல் போனது.

மூன்றாம் எபிசோடைத் தொடங்கத்தான் செய்தார்கள். 2024-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில், பனிச்சுவர் எழுப்பும் துப்பாக்கியைக்கூடக் காட்டுகிறார்கள். இடையில் குழு லெஃப்ட் 4 டெட் என்ற வேறோர் ஆட்டத்தின் வேலைக்குப் போனது. திரும்பியபோது காலம் கடந்துவிட்டதாகத் தோன்றியதாம். கதையை நகர்த்துவதற்காக மட்டும் ஆட்டம் வெளியிடுவது விளையாடுபவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து நழுவுவது என்ற பொருளில் வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதில் பேசுகிறார். அவர் மனதாரத்தான் சொல்கிறார். எனக்கு அது ஏற்புடையதல்ல. அழுகிற மகளை அங்கேயே விட்டு எழுந்து வந்த நமக்குப் புதுத் துப்பாக்கி எதற்கு? அவள் என்ன ஆனாள் என்று தெரிந்தால் போதும்.

தொடரின் எழுத்தாளர் மார்க் லெய்ட்லா 2016-இல் விலகினார். மறு ஆண்டு ஆகஸ்டில், பெயர்களையும் பாலினங்களையும் மாற்றி, மூன்றாம் எபிசோடுக்குரிய கதையை ஒரு கடிதமாகத் தன் தளத்தில் வெளியிட்டார். 2020-இல் மெய்நிகர்க் கருவிக்காக வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' நீங்கள் பார்த்த அதே இறுதிக் காட்சிக்குத் திரும்பி வருகிறது, என்ன செய்கிறது என்பதை நான் சொல்லக்கூடாது. முதலில் கடிதத்தைப் படியுங்கள். அலிக்ஸ் எங்கே போகிறாள் என்று அதில் இருக்கிறது.

அன்புடன்.