காசு பிடுங்காத காலம் எது?

கேள்வி: பேக்-மேன், ஸ்பேஸ் இன்வேடர்ஸ் காலத்து வீடியோ கேம்களில் திறமைக்குத்தான் மதிப்பு இருந்தது. இன்றைய கேம்கள் காசு பிடுங்குகின்றன. எளிமையான அந்த நாட்கள் திரும்பி வருமா?

பதில்: ஆர்கேட் மெஷினில் காசு போடுவதற்கென்றே ஒரு துளை இருந்ததை மறந்துவிட்டீர்களா? ஒரே காசில் ஒருவர் மணிக்கணக்கில் ஆடினால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் ஆளைச் சீக்கிரம் வெளியே தள்ளும் வேலையை கேமே பார்த்துக்கொண்டது. 1980-இல் வந்த பேக்-மேனில் பெரிய புள்ளியை விழுங்கினால் பேய்கள் நீலமாகிப் பயந்து ஓடும் அல்லவா? கட்டம் ஏற ஏற அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் எத்தனை பெரிய புள்ளியை விழுங்கினாலும் ஒரு பேய்கூட நீலமாகாது. இதற்குப் பெயர் காசு பிடுங்குவது இல்லையா?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒரு ஆட்டத்துக்கு என்ன விலை என்பது போடும்போதே தெரியும். இன்று கேமுக்குள்ளேயே, என்ன கிடைக்கும் என்றே தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்கிறார்கள். அதன் மேல் கோபப்படுங்கள், நியாயம்தான்.

எளிமைக்கு வருவோம். அதை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. 1977-இல் அட்டாரி நிறுவனம் கொண்டுவந்த, வீட்டு டிவியில் மாட்டி ஆடும் அட்டாரி 2600-இல் இருந்த ரேம், அதாவது ஆடும்போது பயன்படும் நினைவகம், வெறும் 128 பைட். உங்கள் கேள்வியைக்கூட அதில் முழுசாக வைக்க முடியாது! ஒரு முழுப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ள இடமில்லாததால், டிவி ஒவ்வொரு கோடாகத் திரையை வரைந்துகொண்டு போகும்போதே அடுத்த கோட்டில் என்ன வரவேண்டும் என்று புரோகிராம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் படம் கெட்டுவிடும். அந்த நெருக்கடியில் வேலை செய்தவர்களைத்தான் நான் வியக்கிறேன். 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகாடோவைப் பாருங்கள். திரை நிறைய எதிரிகள் இருக்கும்போது மெஷின் திணறும், அவர்கள் மெதுவாக நகர்வார்கள். சுடச் சுட எண்ணிக்கை குறைந்து, மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி எதிரி வரும்போது நமக்குக் கை நடுங்குவது அதனால்தான்.

திறமைக்கு மதிப்பு என்றீர்கள். ஆடியவரின் திறமைக்கு இருந்திருக்கலாம். உருவாக்கியவருக்கு? அட்டாரி தன் கேம்களில் அவர்கள் பெயரையே போடவில்லை. வாரன் ராபினெட் தன் ‘அட்வென்ச்சர்’ கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அங்கே தன் பெயரை ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று. மனம் நொந்த வேறு சிலர் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அப்புறம், குப்பைகளும் அன்றைக்கு நிறைய வந்தன. அவை நம் நினைவில் தங்கவில்லை, அவ்வளவுதான். 1982-இல் சுமார் ஐந்தே வாரத்தில் எழுதி முடித்த அட்டாரியின் ‘ஈ.டி.’ கேம் பெருமளவில் விற்காமல் தேங்கியது. மறு ஆண்டு நியூ மெக்ஸிகோவின் அலமொகோர்டோவில் மற்ற விற்காத கேம்களோடு சேர்த்து அதையும் லாரியில் கொண்டுபோய்க் கொட்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்தார்கள், அது வேறு கதை.

சரி, திரும்பி வருமா என்று கேட்டீர்கள். மெஷின் எப்போதோ வந்துவிட்டது. 2016-லேயே நிண்டெண்டோ நிறுவனம், டிவியில் மாட்டி ஆடும் தன் பழைய கேம் கன்சோலைச் சின்னதாக்கி, 30 கேம்களை உள்ளே போட்டு விற்றது. அதில் எந்த இடத்திலும் நிறுத்தி, ஆட்டத்தைச் சேமித்துவிட்டுப் போகலாம். 1985-இன் சூப்பர் மேரியோ பிரதர்ஸில் அந்தச் சலுகை கிடையாது. கிடைத்தால் அந்த வசதியைத் தொடாமல், உயிர்கள் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்து ஆடிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் ஆடிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.