9 பிளைண்ட் மிச்சமிருக்கேக்க றெயிஸா, ஓல் இன்னா?

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன்ல போக்கர் டூர்ணமென்ட், பிளைண்ட் (சீட்டுப் பாக்கமுதல் ரெண்டு பேர் கட்டாயமா வைக்கிற சிப்ஸ்) 500-1000, கையில 9000 சிப்ஸ். கிங்-குயீன் வந்ததும் 3000க்கு றெயிஸ் பண்ணியிருக்கிறார், பிக் பிளைண்டில (1000 வைச்ச இடத்தில) இருந்தவர் ஓல் இன் போட்டு எல்லாச் சிப்ஸையும் தள்ள, தம்பி பயந்து போல்ட் பண்ணி கையை விட்டிட்டார். எப்பவும் ஓல் இன்தான் அடிக்கோணும் எண்டு அவருக்கு சிப்ஸ் விக்கிற ஏஜென்ட் பேசுறாராம், எது சரி?

தம்பி, பிழை அந்த 3000இலயே தொடங்கிட்டுது. அவர் தள்ளினாப்பிறகு மேசையில 12500 கிடக்கு (சின்ன பிளைண்ட் 500, உங்கட 3000, அவற்ற 9000), நீங்கள் போடவேண்டியது இன்னும் 6000தான், மூண்டு தரத்தில ஒருக்கா வெண்டாலே போட்டது திரும்பி வந்திடும், கிங்-குயீன் அதைவிடக் கூடவே வெல்லும். அப்ப போல்ட் பண்ணவே கூடாது. முதலே 9000த்தையும் தள்ளியிருந்தால் அவர்தான் யோசிச்சிருப்பார், எல்லாரும் விட்டால் 1500 சும்மா வரும், அது உங்கட சிப்ஸில ஆறில ஒரு பங்கு.

இரணைமடுவில எவ்வளவு தண்ணி நிக்குதெண்டு பாத்துத்தானே சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் எண்டு முடிவெடுக்கினம், அதேமாதிரி முதல்ல சிப்ஸை பிக் பிளைண்டால பிரியுங்கோ. 10க்குக் கீழ எண்டால் ஓல் இன் இல்லாட்டி போல்ட். 20க்கு மேல எண்டால் பிக் பிளைண்டின்ர 2, 2.5 மடங்கு றெயிஸ் காணும். 30 பிளைண்டை வைச்சுக்கொண்டு ஒண்டரைப் பிளைண்டுக்காக எல்லாத்தையும் தள்ளினால், கோல் பண்ணுறவர் (அதே அளவு போட்டு எதிர்க்கிறவர்) உங்களை வெல்லுற கையோடதான் வருவார். இடையில நிக்கேக்க, முன்னால ஒருத்தர் றெயிஸ் பண்ணியிருந்தால் நல்ல கைக்கு அவருக்கு மேல தள்ளலாம்.

இனி அந்த ஏஜென்ட். "அடிச்சு விடு, போனால் திரும்ப என்ட்ரி எடுக்கலாம்" எண்டு சொல்லுறவர் உங்கட ஒவ்வொரு என்ட்ரியிலயும் பங்கு எடுக்கிற ஆள். நீங்கள் கெதியா வெளியில போனால் அவருக்கு லாபம். சிப்ஸை காசாக்கித் தாறதும் அவர்தான், நாளைக்கு போனை எடுக்காட்டி எங்க போய்க் கேப்பியள்? காசினோவுக்கெண்டு 2010இல சட்டம் வந்தது, சூதாட்டத்தைக் கவனிக்க ஒரு அதிகாரசபைக்கெண்டு 2025இலயும் சட்டம் வந்தது, எண்டாலும் ஊருக்குள்ள போன்ல சிப்ஸ் விக்கிறவரை நினைக்க எனக்கு விசர்தான் வருது. அஞ்சு நிமிசத்துக்கொருக்கா பிளைண்டை ஏத்துற மேசைகளும் அப்பிடித்தான், எல்லாரையும் 10க்குக் கீழ தள்ளிப்போட்டு என்ட்ரி எண்ணுற வேலை.

ஒரு இடம் மட்டும் வேற, கவனமா வாசியுங்கோ: சற்றலைற், அதாவது காசுக்குப் பதிலா பெரிய டூர்ணமென்டுக்கு டிக்கெட் தாற போட்டி. 5 டிக்கெட், 6 பேர் மிச்சம், ஒருத்தரிட்ட 2 பிளைண்ட்தான் இருக்கு, உங்களிட்ட 15 இருக்கு. முதலாவதா வந்தாலும் அஞ்சாவதா வந்தாலும் அதே டிக்கெட்தான். உங்களைவிடக் கூட சிப்ஸ் வைச்சிருக்கிறவர் ஓல் இன் போடுறார், உங்களுக்கு ஏஸ் சோடி. போல்ட் பண்ணுங்கோ. அவர் எந்தக் கையோடயும் தள்ளுறவர் எண்டால் சராசரியா 100க்கு 85 தரம் நீங்கள் வெல்லலாம், ஆனால் வெண்டு கூடுதலா ஒண்டும் கிடையாது, மற்ற 15 தரமும் கையில இருந்த டிக்கெட் போகும். றெயிஸும் வேண்டாம் ஓல் இன்னும் வேண்டாம், அந்த 2 பிளைண்ட்காரர் விழுமட்டும் பேசாமல் இருங்கோ, ஏஜென்ட் என்ன கத்தினாலும்.