200 கடை வேண்டாம், ஒரு அடகுக்கடை போதும்

கேள்வி: நண்பர்களுக்கு ஸ்டீம்பங்க் (நீராவி யுகக் கற்பனை) ரோல்பிளேயிங் விளையாட்டு, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை நகர்த்தும் ஆட்டம், நடத்துகிறேன். 1875 லண்டன் மாதிரி ஒரு நகரம், மேலே நீராவியில் ஓடும் வான்கப்பல்கள். கடைக்குள் நுழைந்தால் ஆட்டக்காரர்கள் "விலை என்ன? சரி, வாங்கியாச்சு" என்று இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். 200 கடைகளும் தொழில்களும் விலையோடு அடங்கிய பட்டியல் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அவர்கள் கப்பலின் அழுத்தமானி உடைந்து கிடக்கிறது.

பதில்: வாங்காதீர்கள். இரண்டு முறை வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன். ஒன்றில் பற்சக்கரக் கடை மட்டும் பதினேழு. கடைக்காரரின் மீசைதான் கடைக்குக் கடை மாறியது. மந்திரவாதிக் கதைகளுக்கு எப்போதோ எழுதிய பட்டியலை எடுத்து, மந்திரக்கோல் இருந்த இடத்தில் நீராவித் துப்பாக்கி என்று திருத்தி, புது அட்டை போட்டு விற்கிறார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. விலை "தங்கக் காசு" கணக்கில் இருக்கிறதா? மூடி வைத்துவிடுங்கள். அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று கூடப் பார்க்காதவர் உங்களுக்கு லண்டனைக் காட்டப் போவதில்லை.

விதிப் புத்தகம் எழுதுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. துப்பாக்கிக்கு எத்தனை புள்ளி சேதம் என்று நாற்பது பக்கம் எழுதுவார்கள். அதை யார் செய்தார், கூலி யார் கைக்குப் போனது என்று ஒரு வரி இருக்காது. இருபது வருடமாகக் கத்துகிறேன், ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் துப்பாக்கிதான் கூடுகிறது.

சரி, உங்கள் அழுத்தமானி. வளைந்த குழாய் வைத்த அழுத்தமானிக்கு யூஜின் போர்டன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். அவ்வளவு தெரிந்தால் போதும். அதைப் பழுது பார்க்க ஆட்டக்காரர்களைக் கடிகாரக்காரர்களின் பேட்டையான கிளர்க்கன்வெல்லுக்கு அனுப்புங்கள். அங்கே ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை ஒரே ஆள் செய்து முடிப்பது வழக்கமில்லை. கரடுமுரடான உள்ளியந்திரம் லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரிலிருந்து வரும். சுருள்வில் மாட்டுவது ஒருவர், முகப்புத் தட்டு ஒருவர், முள் ஒருவர், கூடு ஒருவர். முகப்பில் பெயர் இருப்பவர் அதில் ஒரு திருகாணியைக்கூட முடுக்கியிருக்க மாட்டார். ஆகவே உங்கள் கடைக்காரர் "வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லட்டும். ஏன் வியாழக்கிழமை என்று ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள். முள் செய்கிறவருக்கு மூன்று வாரமாகக் கூலி வரவில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அதுதான்.

கூலி ஏன் வரவில்லை என்றால், நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். இவரை மட்டும் மறந்துவிடாதீர்கள். தையல் தொழிலில் இவருக்குப் பெயரே உண்டு: ஸ்வெட்டர், அதாவது வியர்வை பிழிகிறவர். மேற்கு லண்டனின் பளபளப்பான கடை வாங்கும் ஆர்டர் இவர் கைக்கு வந்து, கிழக்கு லண்டனில் ஒரு இருட்டறையில் பன்னிரண்டு பேர் குனிந்து தைக்கும் சட்டையாகிவிடும். நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை இதற்கு விசாரணைக் குழு போட்டது 1888இல்தான், அதுவரை சட்டம் எங்கே போயிருந்ததோ. ஆட்டக்காரர்கள் கடை வாசலை மிதிக்கும் முன்பே இவர் வந்து நிற்கட்டும். "உள்ளே போனால் இரண்டு மடங்கு சொல்வான், நான் பார்த்துக்கொள்கிறேன், முன்பணம் மட்டும் கொடுங்கள்." கொடுப்பார்கள். என் மேஜையில் கொடுக்காத ஆளை இன்னும் பார்க்கவில்லை.

கப்பலுக்கென்று புதுக் கருவி செய்யச் சொன்னால், அது யாருடையது என்று முதலிலேயே பேசச் சொல்லுங்கள். கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்கு அரசாங்கம் 17,000 பவுண்டுக்கு மேல் கொட்டியது. 1833இல் பட்டறைக்காரர் ஜோசப் கிளெமென்ட்டோடு தகராறாகி வேலை நின்றது. அந்த வேலைக்காகவே உருவாக்கிய கருவிகள் அன்றைய தொழில் வழக்கப்படி பட்டறைக்காரருக்கே சொந்தம்! திருகாணி மரைக்கும் பொது அளவு கிடையாது, பட்டறைக்குப் பட்டறை வேறு. பொறியாளர் விட்வொர்த் 1841இல் பொது அளவு ஒன்றை முன்வைத்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது.

தொழில்களையும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று தருகிறேன்: தெருவில் நாய்ப்பீ பொறுக்கி, லண்டனின் பெர்மண்ட்ஸி பகுதித் தோல் பதனிடும் பட்டறைகளுக்கு வாளிக் கணக்கில் விற்பவர்கள். மெல்லிய தோலைப் பதமாக்க அது வேண்டும். பழைய சுவரின் காரையைச் சுரண்டி அதில் கலந்தவர்களும் உண்டு. நாய்ப்பீயிலும் கலப்படம்! எந்தப் பட்டியலிலும் இது வராது.

கடைசியாக அடகுக்கடை. வாசலில் மூன்று பொன்னிற உருண்டைகள் தொங்கும். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொகைகளுக்கு 2 ஷில்லிங்குக்கு மாதம் அரை பென்னி வட்டி. ஒரு வருடமும் ஏழு நாளும் தவணை. மீட்காவிட்டால் பொருள் மூழ்கும். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம், கவனமாகப் படியுங்கள். கடன் 10 ஷில்லிங் அல்லது அதற்குக் கீழே என்றால் தவணை முடிந்ததும் பொருள் கடைக்காரருடையது, பேச்சே இல்லை. சரியாக 10 ஷில்லிங் என்றாலும் அதே கதிதான். அதற்கு ஒரு பென்னி கூடினாலும் அவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. பொது ஏலம் விட வேண்டும். தவணை தாண்டியிருந்தாலும் ஏலத்தில் போகும் வரை உடையவர் பணம் கட்டி மீட்கலாம். அந்த ஏலத்தில் அடகுக்கடைக்காரரே விலை கேட்டு வாங்கவும் சட்டம் இடம் கொடுத்தது. யார் எழுதிய சட்டமோ!

ஆகவே தரகருக்குக் கொடுத்த முன்பணத்தால் கை காலியானதும், கப்பல் தலைவரின் கடிகாரத்தை அடகு வைக்க விடுங்கள். கடைக்காரர் புன்னகையோடு 10 ஷில்லிங் நீட்டட்டும். கூட ஒரு பென்னி கேட்க யாருக்காவது தோன்றுகிறதா என்று பாருங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.