பொம்மை திரும்பிப் பார்த்தது

அன்புள்ள ஐயா,

நான் பெருந்துறைக்காரன். எட்டு வருடமாக அட்லாண்டாவில் வேலை. 2025 கோடையில் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போய் ஆறு நாள் தங்கினோம். மூன்று நாள் டிஸ்னி, மூன்று நாள் யுனிவர்சல் என்று இரண்டு கேளிக்கைப் பூங்காக்களையும் சுற்றினோம். அந்த வருடம் மே மாதம் யுனிவர்சல் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவையும் விடவில்லை. அதிலிருந்து வீட்டில் ஒரு வாக்குவாதம், இன்னும் ஓயவில்லை. நான் யுனிவர்சல் கட்சி. ரோபோ கையில் உட்கார வைத்து மனிதனைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுகிறவர்கள் அவர்கள்தான். டிஸ்னியில் பாதி ரைடு எங்கள் அப்பா காலத்தது, பொம்மைகள் கையை ஆட்டுகின்றன, அவ்வளவுதான். என் மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். 7 வயது மகள் மட்டும் எதிலும் சேராமல், “அந்த நீல அம்மா என்னைப் பாத்தாங்க” என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இரண்டு இடத்துக்கும் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். தொழில்நுட்பத்தில் யார் முன்னால்? இன்னொரு கேள்வியும் உண்டு. மோட்டாரும் பம்பும் செய்கிற நம் கோயமுத்தூரில் இப்படி ஒன்று ஏன் வரவில்லை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரி. பதிலை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் கட்சிக்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி விஷயத்தில் யுனிவர்சல் பெரிய வேலை செய்திருக்கிறது. நீங்கள் சொல்கிற அந்த ஹாரி பாட்டர் ரைடு 2010-ல் வந்தது. ஜெர்மனியின் கூகா நிறுவனம் செய்யும் கை அது. கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் வைக்கிற கைகளின் இனம். அதன் நுனியில் நான்கு இருக்கையை மாட்டி, அந்தக் கையையே தண்டவாளத்தில் நகர வைத்தார்கள். கூடவே வளைந்த திரைகளும் கையோடு சேர்ந்து நகர்கின்றன. எதிரே சிலந்தியும் டிராகனும் உருவமாகவே நிற்கின்றன, திரையும் உருவமும் மாறி மாறி வருகின்றன. கைக்கு உள்ள ஆறு மூட்டுகளையும் படத்தோடு இம்மியும் பிசகாமல் ஓட்ட வேண்டும். இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அந்த இருக்கையில் நடப்பது என்ன என்று ஒரு நிமிடம் பாருங்கள். நம் காதின் உள்பகுதிக்கு வேகம் தெரியாது. வேகம் கூடுவதும் குறைவதும் திரும்புவதும்தான் தெரியும். இருக்கையைப் பின்னால் சாய்த்துவிட்டு, கண்ணெதிரே சீறிப் பாயும் படத்தை ஓட்டினால் போதும். முதுகில் அழுத்துவது நம் எடைதான். உடம்பு அதை ‘முன்னால் பாய்கிறோம்’ என்று எடுத்துக்கொள்ளும். விமானிகளுக்குப் பயிற்சி தருகிற சிமுலேட்டரின் வித்தை இது. 1987-ல் டிஸ்னி அந்த விமானப் பயிற்சி எந்திரத்தையே கொண்டுவந்து ஸ்டார் டூர்ஸ் என்று ஒரு ரைடு செய்தது. கண் சொல்வதும் காது சொல்வதும் கொஞ்சம் விலகினால் வயிறு புரட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஏறி, சன்னலைப் பார்க்காமல் புத்தகம் படிக்கிற பிள்ளை வாந்தி எடுப்பது இதனால்தான். அந்தப் பாட்டர் ரைடில் இறங்கி அரை மணி நேரம் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியில் டிஸ்னி சளைத்தது என்றும் சொல்ல முடியாது. 1995-ல் கலிஃபோர்னியாவில் இண்டியானா ஜோன்ஸ் ஜீப் வந்தது. தரை சமமாகத்தான் இருக்கும். வண்டியின் உடம்பை ஹைட்ராலிக் ஜாக்கிகள் தூக்கியும் சாய்த்தும் குலுக்கியும் காட்டுப்பாதையில் போவதாக நம்ப வைக்கும். நீங்கள் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் டைனோசர் ரைடில் ஏறியிருந்தால் அந்த வகை வண்டியில்தான் உட்கார்ந்தீர்கள். நான்கு வருடம் கழித்து யுனிவர்சல் ஸ்பைடர்மேன் ரைடில் அப்படி ஆடும் வண்டியை முப்பரிமாணத் திரைகளுக்கு நடுவே ஓட்டியது. வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும்போது திரையில் உள்ள கட்டடம் கோணம் மாறாமல் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தையே கணக்குப் போட்டு நெளித்திருந்தார்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் எடுத்து ஒரு படி மேலே வைக்கிறார்கள். இந்தப் போட்டி இருவருக்குமே நல்லது செய்திருக்கிறது.

சரி, பொம்மைக்கு வருகிறேன்.

‘கையை ஆட்டுகின்றன, அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கையை ஆட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது டிஸ்னி இல்லை, எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவர். மாரியம்மன் பண்டிகைக்குச் சீரியல் பல்ப் அலங்காரத்தோடு அசையும் பொம்மை வைப்பார். பழைய லாரியின் வைப்பர் மோட்டாரை வாங்கி, அதை வைத்து முருகன் கையை மேலும் கீழும் ஆட்டுவார். முதல் வருடம் பார்த்தபோது கை ஒரு வேகத்தில் போய், சடக்கென்று நின்று, அதே வேகத்தில் திரும்பியது. வைப்பர் மாதிரியே இருந்தது. அடுத்த வருடம் அவர் ஒரு ஸ்பிரிங்கைச் சேர்த்தார். கை மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, முடிவில் தயங்கி நின்றது. கூட்டத்தில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மோட்டார் அதேதான், ஸ்பிரிங் ஒன்றுதான் புதிது.

உயிர் இருக்கிற எதுவும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. நாம் ஒருவரைத் திரும்பிப் பார்க்கும்போது கண் முதலில் போகும், பிறகு தலை, பிறகு தோள். இந்த வரிசை தப்பினால் எவ்வளவு அழகான முகமும் மரக்கட்டை. உங்கள் மகள் சொன்ன ‘நீல அம்மா’ 2017-ல் அனிமல் கிங்டமில் திறந்த படகு ரைடின் கடைசியில் உட்கார்ந்து பாடும், ‘அவதார்’ படத்து நாவி இனத்துப் பூசாரி. அந்த உருவத்தில் கண்ணும் இமையும் உதடும் விரலும் இந்த வரிசையில் அசைகின்றன. அதனால்தான் பாப்பாவுக்கு ‘பார்த்தாங்க’ என்று தோன்றியது. ‘அழகாக இருந்தாங்க’ என்று அவள் சொல்லவில்லை பாருங்கள்.

இங்கே வந்து சேர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 1963-ல் டிஸ்னி தன் ‘டிகி ரூம்’ என்ற காட்சி அரங்கில் பொம்மைப் பறவைகளைப் பாட வைத்தபோது அலகைத் திறந்து மூடக் காற்றழுத்தம் போதுமாக இருந்தது. எப்போது எது அசைய வேண்டும் என்பதை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார்கள். அடுத்த வருடமே நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஆபிரகாம் லிங்கனை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேச வைத்தார்கள். ஓர் ஆளின் கனத்தைத் தூக்கக் காற்று பத்தாது, எண்ணெய் அழுத்தம் வேண்டும். ஹைட்ராலிக் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரி எந்த ஊரில் போர் போட நின்றாலும் அதன் ஓஸ்களைப் பார்த்திருப்போம். பலம் அபாரம். ஆனால் எங்காவது ஒழுகும். ரிக்கில் ஒழுகினால் மண்ணில் விழும், பொம்மையில் ஒழுகினால் சட்டையில் கறையாகும். அதோடு, கனமான கை நிற்கும்போது நுனி நடுங்கும். அந்த நடுக்கம்தான் ‘இது மெஷின்’ என்று பார்க்கிறவனிடம் காட்டிக்கொடுப்பது. பல பத்தாண்டுகள் இதை அடக்கத்தான் பாடுபட்டார்கள். இன்று மின்மோட்டார்கள் சிறிதாகி, கணினி நொடிக்குப் பல தடவை கணக்குப் பார்த்து ஓட்டுவதால் அந்த நடுக்கம் ஏறக்குறைய இல்லை.

நடுவில் ஒரு குறுக்குவழியும் வந்தது. முகத்தை அசைக்காமல், உள்ளிருந்து படத்தை முகத்தின் மேல் வீழ்த்துவது. 2014-ல் ஏழு குள்ளர்கள் ரைடில், 2016-ல் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஃப்ரோசன் ரைடில் இப்படிச் செய்தார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை. இருட்டில் உடம்பு மங்கலாகவும் முகம் மட்டும் டியூப்லைட் போலவும் இருந்தது. 2023-ல் ஹாங்காங்கில் ஃப்ரோசன் ரைடைக் கட்டியபோது முகத்தையே அசையச் செய்துவிட்டார்கள் என்று அறிந்து சந்தோஷப்பட்டேன்.

உங்கள் மனைவி எந்த ரைடுக்காக டிஸ்னி பக்கம் நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. பேய் மாளிகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். கலிஃபோர்னியாவில் 1969-லும் ஆர்லாண்டோவில் 1971-லும் திறந்தது. வண்டிகள் எல்லாம் ஒரே சங்கிலியில் கோத்தவை, ஓடிக்கொண்டே இருக்கும், நாம் ஓடும் பட்டையில் நடந்து ஏறிக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கும் இன்னொரு தண்டவாளம் வளைகிற வளைவுக்கு ஏற்ப வண்டி நம்மைத் திருப்பும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் என் அப்பா ஃபிட்டர். அவர் இதைப் பார்த்திருந்தால் ‘கேம் (cam) வேலை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார், வளைந்த விளிம்பு இன்னொரு பாகத்தைத் தள்ளித் திருப்புகிற வேலை. நடன அறையில் சுழலும் பேய்கள், கண்ணாடியில் விழும் பிம்பங்கள். உண்மையான பொம்மைகள் நம் கண்ணில் படாத இடத்தில் ஆடுகின்றன. இது 1862-ல் லண்டன் மேடையில் பெப்பர் என்பவர் காட்டிய வித்தை. நூற்றைம்பது வருடம் தாண்டிய தந்திரம் இன்றும் பிள்ளைகளை வாய் பிளக்க வைக்கிறது. பழசு என்பதால் இதைத் தள்ள எனக்கு மனம் வராது, செந்தில். திரை பத்து வருடத்தில் மங்கித் தெரியும், அடுத்த திரை வந்துவிடும். கண்ணாடி அப்படியே இருக்கும்.

ஆனால் எனக்கு இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அது திறப்பு விழாவுக்குப் பிறகு நடப்பது. இதில் இரண்டு பேருமே அடிபட்டிருக்கிறார்கள். யுனிவர்சல் 1990-ல் ஆர்லாண்டோவில் திறந்தபோது ஜாஸ் சுறா ரைடு சொன்னபடி கேட்கவில்லை. மூடி, திரும்பச் செய்து, 1993-ல்தான் ஒழுங்காக ஓட்டினார்கள். டிஸ்னி 2006-ல் எவரெஸ்ட் மலை ரைடுக்குள் சுமார் 25 அடி உயர பனிமனிதனை வைத்தது. அன்று உலகின் மிக வல்லமையான பொம்மைகளில் ஒன்று. கையை வீசிப் பாயும். சில மாதம்தான் பாய்ந்தது. அப்புறம் அசைவை நிறுத்திவிட்டு, மின்னி மின்னி அணைகிற விளக்கை அதன்மேல் போட்டு, அசைவது போலக் காட்டினார்கள். ரசிகர்கள் ‘டிஸ்கோ யெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். மலை அதைச் சுற்றி எழும்பி நிற்கிறது, வெளியே எடுத்துப் பழுது பார்ப்பது லேசான காரியம் இல்லை. நான் அதில் போனபோது மனம் நொந்து போனது. யாரோ பல வருடம் உட்கார்ந்து செய்த கை அது.

அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது கையில் கிரீஸ் வாசம் இருக்கும். “பேரிங் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலயே பாடும் கண்ணு, காது வெச்சுக் கேக்கோணும்” என்பார். அவரை நினைத்துத்தான் அந்தப் பூங்காக்களில் நான் சுற்றினேன். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால், எல்லா விளக்கையும் போட்டு, ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்கிற ஆட்கள் இரண்டு இடத்திலும் உண்டு. ஒரு பொம்மை நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரே பாட்டைப் பாடி ஒரே இடத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும், அதுவும் வருடம் முழுக்க. உங்கள் மகள் படகில் போன அந்தத் தடவை ஒரு மோட்டார் கால் நொடி பிந்தியிருந்தால் அவளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் பதில்: உடம்பைத் தூக்கிப் போடுவதில் யுனிவர்சல். எதிரே ஓர் உயிர் இருப்பதாக நம்ப வைப்பதில் டிஸ்னி. எனக்குப் பின்னதுதான் பெரிது. ஆனால் எபிக் யுனிவர்ஸில் ஃபிராங்கன்ஸ்டைன் ரைடில் நீங்கள் ஏறியிருப்பீர்கள். அங்கே அதே கூகா கையில் உட்கார வைத்து, திரையை நம்பி இருக்காமல், முழு உருவங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். யுனிவர்சல் பொம்மைக்குத் திரும்பியிருக்கிறது. இனி அடுத்த பத்து வருடம் இந்த இருவரையும் பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

கோயமுத்தூர் கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பூங்காக்களான பிளாக் தண்டரிலும் கோவை கொண்டாட்டத்திலும் தண்ணீர்தான் நாயகன். நம் வெயிலுக்கு அது சரியான முடிவு. உயரத்தில் ஏற்றிவிட்டால் மீதியைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். பொம்மைக்கு அப்படி இல்லை, தினமும் ஆள் வேண்டும். ஆள் நம்மிடம் இல்லையா? 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. பவுண்டரி, பம்ப், மில் எந்திரம், கரூர் பஸ் பாடி, ரிக், எல்லாம் நூறு மைலுக்குள் இருக்கிறது. இருப்பதையெல்லாம் கதை சொல்வதற்காக யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அண்ணன்மார் கதையை இரவு முழுக்க உடுக்கடித்துப் பாடிக் கேட்டவர்கள் நாம். அதில் வரும் கொம்பன் பன்றியை இருட்டில் 15 அடி உயரத்தில், மூச்சு விடும் விலாவோடு ஒருவர் செய்து நிறுத்தினால் நான் முதல் ஆளாகச் சீட்டு வாங்குவேன்.

பங்குனி, சித்திரையில் ஊருக்கு வருவீர்களானால் எழுதுங்கள். எங்கள் பண்டிகைக்கு அந்த எலக்ட்ரீஷியன் இன்னும் பொம்மை வைக்கிறார். இப்போது முருகனோடு மயிலும் உண்டு. போன வருடம் மயில் தலையைத் திருப்பியது, ஆனால் கண்ணும் தலையும் ஒன்றாகவே திரும்பின. உங்கள் அம்மிணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மயில் அவளைப் பார்க்கிறதா இல்லையா என்று அவரிடம் அவளே சொல்லட்டும்.

அன்புடன்