300 ரூபாய்க்குள் ஒரு வாசல் வளையம்: கேள்வி-பதில்

கடையில் 1,500 ரூபாய் சொல்லும் கிறிஸ்துமஸ் வளையத்தை வீட்டிலேயே செய்து பரிசாகக் கொடுக்கலாமே என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை முழுவதும் கிடக்கின்றன. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். நாத்தனார் விவகாரங்களை முழுவதுமாக நீக்கிவிட்டேன்.

கே: மூன்று தோழிகளுக்குக் கதவில் மாட்டும் வளையம் செய்து கொடுக்க ஆசை. ஒன்றுக்கு 300 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. எங்கே தொடங்குவது? (வாசகி, பெரம்பூர்)

ப: பானைக் கடையில். மண்பானை விற்கும் இடத்தில் புரிமணை கேளுங்கள். பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் வைக்கோல் வளையம். பிரிமணை என்றும் சொல்வார்கள். கைவினைப் பொருள் கடையில் கண்ணாடித்தாள் சுற்றி 'ரீத் பேஸ்' என்று வைத்திருப்பதும் ஏறக்குறைய இதுவேதான், விலைதான் வேறு. பத்து அங்குலப் புரிமணை எனக்கு 40 ரூபாய்க்குக் கிடைத்தது.

மேலே சுற்றுவதற்குச் சவுக்கு. கிறிஸ்துமஸ் மரத்துக்காகச் சவுக்குக் கிளை விற்பவர்கள் அடிக்கிளைகளைக் கழித்துப் போடுவார்கள். முகம் பார்த்துக் கேட்டால் சும்மாவே தருவார்கள். கட்டுவதற்கு இரும்புக் கடையில் கட்டுக்கம்பி வாங்குங்கள். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் அதே கம்பி. பச்சை வண்ணம் பூசிய 'பூ வேலைக் கம்பி'க்குக் காசைக் கொட்ட வேண்டாம்; எப்படியும் இலைக்குள் மறையப் போகிறது.

மூன்று சிறு கிளைகளைச் சேர்த்தால் ஒரு கொத்து. அதைப் புரிமணையின் மேல் படுக்க வைத்துக் காம்பின் மேல் கம்பியை மூன்று சுற்று சுற்றி இறுக்குங்கள். கம்பியை வெட்டாதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த கொத்து, அதன் நுனி முந்தைய கொத்தின் காம்பை மூடும்படி. கதம்பம் கட்டத் தெரிந்த கைக்கு இது விளையாட்டு. பத்து அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 31 அங்குலம். பதினாறு கொத்து போதும். கடைசிக் காம்பை முதல் கொத்தின் நுனிக்கு அடியில் செருகிவிட்டால் எங்கே தொடங்கினோம் என்று நமக்கே தெரியாது.

மூன்றுக்கும் சேர்த்து நான் கொடுத்த விலை: புரிமணை 120, கட்டுக்கம்பி கால் கிலோ 25, சிவப்பு ரிப்பன் ஒரு சுருள் 80, சிறு மணி ஒரு டஜன் 60, தங்க நிறப் பெயின்ட் சின்னப் புட்டி 40. மொத்தம் 325 ரூபாய். உங்கள் 900-இல் மிச்சம் 575. பிளம் கேக் வாங்குங்கள்.

கே: எதிர்வீட்டு அக்காவிடம் "உங்களுக்காக ஒரு மலர்வளையம் செய்திருக்கிறேன்" என்றேன். அவர் முகம் இருண்டுவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்? (கொளத்தூர்)

ப: அவரை உயிரோடு இருக்கும்போதே வழியனுப்பிவிட்டீர்கள். தமிழில் மலர்வளையம் என்றால் சமாதியில் வைப்பது. தினமும் செய்தியில் யாராவது யாருக்காவது வைத்து அஞ்சலி செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். 'வாசல் வளையம்' என்று சொல்லுங்கள். வெள்ளைச் சாமந்தி, சம்பங்கி பக்கமே போகாதீர்கள். முக்கியமாக, நிற்க வைக்கும் முக்காலியோடு கொண்டுபோகாதீர்கள். சிவப்பு ரிப்பன் கட்டி, பலகாரத் தட்டோடு போய் நில்லுங்கள், அக்கா சிரித்துவிடுவார்.

கே: பைன் காய் ஆன்லைனில் பன்னிரண்டுக்கு 450 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா? (திருவான்மியூர்)

ப: கடற்கரையில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்தால் விரல் நுனி அளவுக் காய்கள் உதிர்ந்து கிடக்கும். ஒரு பை பொறுக்குங்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் வாய் பிளந்துகொள்ளும். நான்கு நான்காகக் கட்டி ஓரத்தில் மட்டும் தங்கப் பெயின்டைத் தொட்டு வையுங்கள்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் ஒரு பை நிறையப் பைன் காய் வாங்கிவந்தேன். சென்னையில் டிசம்பர் மழை பிடித்துக்கொண்டதும் விரிந்திருந்த காய்கள் எல்லாம் கையை மூடிக்கொண்டன. அழுகிவிட்டன என்று குப்பையில் போட்டேன். ஈரத்தில் மூடி, காய்ந்தால் திறப்பது அதன் இயல்பு என்று குப்பை வண்டி போன பிறகுதான் தெரிந்தது.

கே: 'நீங்களே செய்யுங்கள்' பெட்டி ஒன்று 799 ரூபாய்க்கு வரவழைத்தேன். படத்தில் கதவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த வளையம், வந்தபோது சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியதாக இருந்தது. விவரத்தில் 8 அங்குலம் என்று இருந்ததாம், நான் பார்க்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வேளச்சேரி)

ப: 'இருந்ததாம்' என்கிறீர்கள். 799 ரூபாய் கொடுக்கும் முன் நாலு வரி படிக்க நேரமில்லை, எனக்கு நாற்பது வரி எழுத மட்டும் உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள். முடிந்துவிட்டால், அளவைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். உங்கள் வழக்கில் பலமில்லை.

ஆனாலும் விற்றவர்களை விடப்போவதில்லை. பல வருடங்களாக என் வயிற்றெரிச்சல் இது. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இல் வந்தன. அளவு முக்கியமான பொருளாக இருந்தால் உறைமேல் அளவைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் ஆன்லைன் விற்பனைப் பக்கத்திலும் அந்த விவரங்களைக் காட்ட வேண்டும். காட்டுகிறார்கள், எங்கே? பதினோராவது படத்துக்குக் கீழே, 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டால் விரியும் பட்டியலில், நிறத்துக்கும் எடைக்கும் நடுவில். முதல் படத்திலோ அந்த எட்டு அங்குலத்தைப் பொம்மை வீட்டுக் கதவில் மாட்டியதுபோல் ஊதிப் பெருக்கியிருப்பார்கள்.

அளவைச் சொன்னாலும் எதை அளந்தார்கள் என்று சொல்வதில்லை. '18 அங்குல வளையம்' என்று ஒன்று வாங்கினேன். வந்ததும் டேப் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் பத்து அங்குலம். மிச்ச எட்டு எங்கே என்று கேட்டேன். இலைகளை வெளிப்பக்கமாக நீவி, ஒரு நுனியிலிருந்து எதிர் நுனிவரை அளந்தால் 18 வரும் என்றார்கள். நீவினேன். பதினேழரை வந்தது. இந்தத் தொழிலில் நுனிக்கு நுனி அளப்பதுதான் வழக்கமாம். வாங்குகிறவனுக்கு அதை யார் சொன்னார்கள்? எட்டு அங்குல வளையத்துக்குச் சுற்றளவு 25 அங்குலம், பதினாறுக்கு 50. விட்டத்தைக் குறைத்தால் இலை எவ்வளவு மிச்சமாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனவே ஒரு வேலை செய்யுங்கள். செய்தித்தாளை வட்டமாக வெட்டிக் கதவில் ஒட்டி, நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். எந்த அளவு வேண்டும் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு பட்டனைத் தொடுங்கள்.

கே: பசைத் துப்பாக்கி வாங்கினேன். தனியாக வாங்கிய பசைக் குச்சி அதில் நுழையவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை வைப்பது சட்டவிரோதம் என்கிறார்களே? (ஈரோடு)

ப: சின்னத் துப்பாக்கிக்கு 7 மில்லிமீட்டர் குச்சி, பெரியதற்கு 11. நீங்கள் மாற்றி எடுத்திருக்கிறீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதுதான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் அவர் வாங்கிக்கொண்டாக வேண்டும். உங்கள் குச்சியில் குறை இல்லை. பிரிக்காத பொட்டலத்தோடு, கூட்டமில்லாத நேரத்தில் போய், சட்டம் பேசாமல் கேட்டுப் பாருங்கள்.

கே: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வளையம் கொடுக்க நினைத்தேன். கையால் செய்து அனுப்புவதாக இணையத்தில் ஒரு பெண் விளம்பரம் செய்திருந்தார். 2,400 ரூபாய் அனுப்பினேன். பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணத்தைவிட, ஏமாந்துவிட்டோமே என்பதுதான் உறுத்துகிறது. (பாளையங்கோட்டை)

ப: அம்மா, நல்ல காரியத்துக்காகப் பணம் அனுப்பினீர்கள். வெட்கப்பட வேண்டியது அந்த ஆள், நீங்கள் அல்ல. அங்கே இருப்பது பெண்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது.

முதலில் 1930-ஐ அழையுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருப்பது ஆரம்ப மணி நேரங்களில்தான். நாள் கடந்திருந்தாலும் புகார் பதிவாகட்டும். பணம் அனுப்பியபோது வந்த பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் படம், நீங்கள் பேசிக்கொண்ட செய்திகள், இவற்றில் எதையும் அழிக்காதீர்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். விற்றவரின் பெயரும் முகவரியும் தெரியவந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு எச்சரிக்கை: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது தாமாக அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். அது அடுத்த திருடன்.

பன்னிரண்டு கதவுகளும் வெறுமையாக இருக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. மணப்பாட்டில் ஓலைப்பின்னல் கைவேலையாகவே நடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து உலர்பூக்கள் வெளிநாடுகளுக்கே போகின்றன. குருத்தோலையைக் கிழித்து மூன்று புரியாகச் சடை பின்னி, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டினால் அதுவே வளையம். குருத்து ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடித்துப் பழகிய பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஆளுக்கு இரண்டு என்று ஆறு பேரிடம் கொடுங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

கே: அடியில் வைக்கத் தெர்மாகோல் வளையம் லேசாக இருக்கிறதே, அது போதாதா? (ஆவடி)

ப: அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. சூடான பசை பட்டால் உருகவும் செய்யும்.

கே: ஆலயத்துக்குத் திருவருகைக்கால வளையம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு ஒவ்வொரு மெழுகுவத்தியாக ஏற்றுவது) செய்கிறோம். மூன்று ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவத்தி கொண்ட 'செட்' என்று தனி விலை சொல்கிறார்கள். நிதி இல்லை. (இளையோர் குழு, திருச்சி)

ப: நான்கு வெள்ளை மெழுகுவத்தி வாங்கி அடியில் ஊதா ரிப்பன் மூன்றும் ரோஸ் ரிப்பன் ஒன்றும் கட்டுங்கள். இந்த வளையத்தைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படும் யோகான் விக்கர்ன் என்ற போதகர், 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தில் பழைய வண்டிச் சக்கரத்தைத்தான் பயன்படுத்தினார். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்திகளைத்தான் வைத்தார். மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்பு. ஒன்று மட்டும் கவனம்: நான்கு வாரத்தில் இலை சருகாகிவிடும். வாரம் ஒருமுறை இலையை மாற்றுங்கள், சுடருக்குக் கீழே தகரத் தட்டு இருக்கட்டும்.

கே: பட்டன் பேட்டரியில் எரியும் சின்ன விளக்குச் சரத்தைச் சுற்றிக் கொடுக்கலாமா? அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. (மதுரை)

ப: கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். திருகாணி போட்டு மூடிய பேட்டரிப் பெட்டி உள்ளதாகப் பாருங்கள், அல்லது விளக்கே வேண்டாம்.

கே: பச்சை இலையில் எத்தனை நாள் முன்னதாகச் செய்யலாம்? (தஞ்சாவூர்)

ப: மாவிலை மூன்றாம் நாள் சுருண்டுவிடும், 24-ஆம் தேதி கட்டுங்கள். சவுக்கு காய்ந்தாலும் வடிவம் கெடாது, ஒரு வாரம் முன்னதாகவே செய்துவிடலாம்.

கே: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த 18 அங்குல வளையம் இப்போது எந்தக் கதவில் தொங்குகிறது? (அரக்கோணம்)

ப: கதவில் இல்லை. இந்த வருடம் வீட்டில் இருந்த புரிமணையை எடுத்து வாசல் வளையம் செய்துவிட்டேன். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஏதாவது வேண்டுமே. இலைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு அதை வைத்திருக்கிறேன். பானை கொஞ்சம் ஆடுகிறது.