அடிக்குறிப்பில் இருந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலை பெற்ற ஒலாடா இக்வியானோவின் தன்வரலாற்றைத் தொடங்குமுன் ஆங்கில ஓவியர் டர்னரின் ‘அடிமைக் கப்பல்’ ஓவியத்தைத் திரையில் காட்டினேன். ‘அஸ்தமனம் ரொம்ப அழகா இருக்கு மேடம்’ என்றாள் ஒரு மாணவி. வகுப்பே தலையாட்டியது, எனக்கு மனம் கசந்துவிட்டது. அடுத்த வாரம் கப்பலின் கீழ்த்தளத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, மாணவர்களை நெருக்கிப் படுக்கவைத்து அந்த வேதனையை உணரச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். கலையால் இந்த வரலாற்றைக் கற்பிக்க இயலுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாணவியைக் கடிந்துகொண்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1840இல் லண்டன் ராயல் அகாதமியில் வைக்கப்பட்ட அந்தப் படத்தின் நடுவே சூரியன் எரிகிறது. எவருடைய கண்ணும் முதலில் அங்கேதான் செல்லும். பிறகு சிவந்த அலைகளிலும் தொலைவில் தத்தளிக்கும் பாய்மரக் கப்பலிலும் அலைந்துவிட்டு, கடைசியில்தான் வலது கீழ்மூலையில் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலையும், அதில் பூட்டிய விலங்கையும், அதை மொய்க்கும் மீன்களையும் அது கண்டுகொள்ளும். இந்தத் தாமதத்தையே பாடமாக வையுங்கள்.

டர்னருக்குக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினைப் போலக் கூர்மையான ரசிகர் வாய்த்ததில்லை. பின்னாளில் இந்தப் படம் ரஸ்கினின் வீட்டிலேயே இருந்தது. 1843இல் இதைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற பத்தி கடலின் நிறத்திலும் ஒளியிலும் மூழ்கிக் கிடக்கிறது. ‘குற்றமுள்ள கப்பல்’ என்று போகிறபோக்கில் ஒரு சொல் வருகிறது. என்ன குற்றம் என்பதை, அதாவது அது அடிமைக் கப்பல், அதிலிருந்து மனிதர்களைக் கடலில் எறிகிறார்கள் என்பதை, அவர் அடிக்குறிப்பில் வைத்தார். உங்கள் மாணவிக்குத் துணை இருக்கிறது. டர்னரும் 1805இல், அடிமைகளை வேலைவாங்கிய ஜமைக்காக் கால்நடைப் பண்ணை ஒன்றில் 100 பவுண்டு முதலீடு செய்தவர்தான். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து மாணவர்கள் கையில் ஒரு வழக்கின் அறிக்கையைக் கொடுங்கள். இந்த ஓவியத்துக்குப் பின்னே இருப்பதாகப் பரவலாகக் கருதப்படுவது சோங் என்ற கப்பல். 1781இன் இறுதியில், குடிநீர் போதாது என்று காரணம் காட்டி, அதன் மாலுமிகள் 130 பேருக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் வீசினார்கள். லிவர்பூலில் இருந்த உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்பீட்டுத் தொகை கேட்டார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றம் விசாரித்தது சரக்கு இழப்பைத்தான். கொலைக்காக ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. கேட்கவே அதிர்ச்சியாக இருந்தாலும், குதிரைகளைக் கடலில் எறிந்ததைப் போலத்தான் இதுவும் என்பதில் ஜூரிகளுக்கு ஐயமில்லை என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் குறிப்பிட்டார். இந்த வாக்கியத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். இந்தச் செய்தியை அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுசேர்த்தவர், நீங்கள் நடத்தவிருக்கும் அதே இக்வியானோதான்.

சாக்பீஸ் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் சிரிப்பும் சங்கடமுமாகப் படுத்து எழுந்தவர்கள், தங்களுக்கு அது தெரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு கேன்டீனுக்குப் போவார்கள். மாறாக, அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் 1788, 1789 ஆண்டுகளில் அச்சிட்டுப் பரப்பிய ப்ரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் வரைபடத்தைக் காட்டி, கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுங்கள். ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம். அவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் அதைக் குறிக்கட்டும். அப்போதைய சட்டம் அக்கப்பலுக்கு அனுமதித்தது 454 பேரை. சட்டம் வருமுன் ஒரு பயணத்தில் அது ஏற்றிச் சென்றது 609 பேரை. படத்திலுள்ள உருவங்களுக்கு முகமில்லை, ஒன்றுக்கொன்று வேறுபாடும் இல்லை. நல்லெண்ணத்தோடு வரைந்தவர்களின் தாளிலும் அவர்கள் ஏன் அடுக்கிவைத்த சரக்காகவே தெரிகிறார்கள் என்று கேளுங்கள். அதன்பின் இக்வியானோவின் 1789ஆம் ஆண்டு நூலில் அந்தக் கீழ்த்தளப் பக்கத்தைத் திறங்கள்: மூச்சடைக்கும் நாற்றம், உண்ண மறுத்ததற்குக் கிடைத்த அடி, இந்த வெள்ளையர்கள் தன்னைத் தின்றுவிடுவார்களோ என்று நடுங்கும் சிறுவன். ஆப்பிரிக்காவில் பிறந்ததாக எழுதும் அவர் பிறந்தது அமெரிக்காவின் கரோலினாவில் என்று சொல்லும் ஞானஸ்நானப் பதிவு ஒன்று இருப்பதையும், அதைக் குறித்து ஆய்வாளர்கள் வாதிடுவதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மாணவர்கள் அதைத் தாங்குவார்கள்.

நேரமிருந்தால், டொபாகோவில் பிறந்து கனடாவில் வாழும் கவிஞர் நூர்பெசே பிலிப் 2008இல் வெளியிட்ட ‘சோங்!’ நூலுக்கு வாருங்கள். அந்த வழக்கறிக்கையின் சொற்களையே எடுத்து, உடைத்து, பக்கமெங்கும் சிதறவிட்டு எழுதியது அது, எளிதில் பிடிபடாது. அதன் முதற்பகுதியில் கவிதைக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் ஆப்பிரிக்கப் பெயர்கள். எறியப்பட்டவர்களின் பெயர்களைக் கப்பல்காரர்கள் எழுதிவைக்கவில்லை. இவை கவிஞர் இட்ட பெயர்கள். ரஸ்கின் அவர்களை வைத்த அதே இடத்தில்தான் இவரும் வைத்திருக்கிறார். அஸ்தமனம் அழகு என்று சொன்ன மாணவியிடமே அந்தப் பக்கத்தைக் கொடுத்து, கோட்டுக்குக் கீழேயிருந்து படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.